நான் மை ஊற்றவில்லை

அந்தப் பூச்செடிக்கு நான் சிவப்பு மை ஊற்றவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ரொறன்ரோவில் இன்றைக்கும் என்னைக் கண்டால் "மை ரீச்சர்" என்று தங்களுக்குள் குசுகுசுக்கும் இரண்டொருவர் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் கடைசிவரை வாசிக்கிறவர்கள் அல்லர். ஆகவே முடிவை முன்னுக்கே வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்து, உப அதிபராகி, பென்சனும் எடுத்தபின் மகளின் ஸ்பொன்சரில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஊரில் என்னைத் தாவரவியலுக்காக அறிந்தவர்களைவிடப் பரீட்சை மேற்பார்வைக்காக அறிந்தவர்களே அதிகம். சேலைத் தலைப்பில் எழுதி வந்தவளையும் செருப்புக்குள் துண்டு வைத்தவளையும் நான் பிடித்திருக்கிறேன். பிடித்தபின் சத்தம் போடுவதில்லை. விடைத்தாளை எடுப்பேன், நேரத்தைக் குறிப்பேன், இரண்டு சாட்சிகளிடம் கையொப்பம் வாங்குவேன், அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்புவேன். அழுகிற பிள்ளையிடமும் "உனக்குச் சொல்ல இருக்கிறதை எழுதித் தா, அதையும் இணைச்சு அனுப்புறன்" என்றுதான் சொல்வேன். அந்த ஒரு சலுகையாவது பிறகு எனக்குக் கிடைத்திருக்கலாம்.

மகளின் அப்பாட்மென்ட் பன்னிரண்டாம் மாடியில் இருந்தது. பல்கனி மேற்குப் பார்த்தது. வாடகை ஒப்பந்தத்தோடு வந்த கட்டட விதிகளை அந்த வீட்டில் முழுதாக வாசித்தவள் நான் ஒருத்திதான். பூச்சட்டியைக் கம்பிக்கு வெளியே தொங்கவிடக்கூடாது என்றிருந்தது. உள்ளே நிலத்தில் வைப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. வைத்தேன். கட்டடப் பொறுப்பாளர் ஒருநாள் ஏறிவந்து பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கிப் போனார்.

எங்கள் பகுதித் தமிழ் முதியோர் சங்கம் சனிக்கிழமைகளில் சமூக நிலையத்து அறையொன்றில் கூடும். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். நகரின் கிழக்கு ஓரத்து ரூஜில் மகனுடைய புது வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக்குப் பின்வளவு இருந்தது. அதைவிட முக்கியமாக அவரிடம் ஒரு வான் இருந்தது. கார் ஓடத் தெரியாத எங்களைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடமும் ஏற்றி இறக்கியது அந்த வான்தான். சங்கத்தின் அதிகாரம் அதன் சட்டதிட்டங்களை எழுதிவைத்த யாப்பில் இருப்பதாக நம்புகிறவர்கள் அந்த வானின் திறப்பு யாருடைய சட்டைப்பையில் கிடக்கிறது என்று பார்ப்பதில்லை.

அந்த வருடம் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அங்கத்தவர்கள் எல்லோரும் ஒரே விதையிலிருந்து சட்டியில் அந்திமந்தாரை வளர்த்து ஓகஸ்டில் கொண்டுவர வேண்டும். திறமான செடிக்கு வெற்றிக்கோப்பை. ஒரே விதை என்பதால் போட்டி நேர்மையாக இருக்கும். விதை தலைவருடையது. ஊரில் அவருடைய கிணற்றடியில் நின்ற செடியின் விதையை அவருடைய மனைவி சேலை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாராம். விதை இறக்குமதி பற்றிய சட்டத்தை நான் அந்த இடத்தில் ஞாபகப்படுத்தவில்லை. எங்களுக்குத் தந்தது, அதை ரூஜ் பின்வளவில் வளர்த்து முதல் வருடக் கோடையில் எடுத்த விதை.

"சுத்த வெள்ளை," என்றார் தலைவர், பேப்பர் சுருள்களை ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டு. "பரம்பரை பரம்பரையா வெள்ளை. ஒரு கலப்பும் இல்லை."

இந்த வசனத்தை எங்கள் ஆட்கள் பூவுக்கு மட்டும் சொல்வதில்லை. சுருளுக்குள் மிளகு போலக் கறுத்த விதைகள் கொஞ்சம் இருந்தன. அந்திமந்தாரையில் ஒரு பூ ஒரு விதைதான் தரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்து விக்டோரியா வாரவிடுமுறை கழியக் குளிர் விட்டது. விதையைப் போட்டேன். முளைத்தவற்றுள் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்கினேன். கலப்பில் பிறந்த செடி வலுத்து வளர்வதுண்டு; அந்த வலுவே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். யூன் முடிவதற்குள் அதன் கணுக்களில் மெல்லிய சிவப்பு ஓடியது. இலைக்காம்பின் அடியிலும் அதே சாயல் இருந்தது. வெள்ளைப் பூப் பூக்கும் அந்திமந்தாரையின் தண்டும் காம்பும் முழுப் பச்சையாக இருக்கும். அந்தச் சிவப்பு பீற்றூட் சிவப்பின் சாதி, செவ்வரத்தையின் சிவப்பு அல்ல. அந்த இரண்டு நிறச்சத்தும் ஒரே செடியில் சேர்ந்து வருவதில்லை. பூ விரியுமுன்னரே எனக்கு விளங்கிவிட்டது, என் சட்டியில் நிற்பது சுத்த வெள்ளையின் பிள்ளை அல்ல என்று.

முதற் பூ ஒரு பின்னேரம் விரிந்தது. ஊரில் இதற்கு நாலுமணிப்பூ என்றும் ஒரு பெயர் உண்டு. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடும் நாட்டில் அது ஆறு மணிக்குக்கூட அவசரப்படவில்லை. மகள் வேலையால் வந்து பல்கனிக் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"அம்மா, வெள்ளை எண்டுதானே தந்தவை?"

"ஓம்."

"உது ரோசாவெல்லே."

"அதுதான் வடிவு," என்றேன்.

வகுப்பில் வருடாவருடம் நான் கரும்பலகையில் கீறிய படம் அது. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்தால் பிள்ளை ரோசா. நிறம் செய்யும் அலகு செடிக்குத் தாய்வழி ஒன்றும் தகப்பன்வழி ஒன்றுமாக வருகிறது. இரண்டும் வேலை செய்தால் சிவப்பு. இரண்டும் வேலை செய்யாவிட்டால் வெள்ளை. ஒன்று மட்டும் வேலை செய்தால் அரைவாசி நிறம், அதாவது ரோசா. எத்தனை தரம் கீறியிருப்பேன். ஒருதரமாவது என் சொந்தச் சட்டியில் கண்டதில்லை. அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

போட்டி நாளன்று பின்னேரம் மருமகன் சட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போனார். சமூக நிலையத்து வெளி நடையில் வெள்ளைச் செடிகள் வரிசையாக நின்றன. நடுவில் என்னுடையது மட்டும் ரோசா.

செயலாளர் முதலில் குனிந்து பார்த்தார். அவர் தபாலதிபராக இருந்தவர். பகிடி விடாமல் ஒரு முத்திரைகூடக் குத்தியிருக்க மாட்டார்.

"ரீச்சர், உது எங்கடை செடியோ?"

"உங்கடை செடிதான்."

"எங்களுக்கெல்லாம் வெள்ளை. உங்கடை மட்டும் வெக்கத்திலை சிவந்து போச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்த உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. காசித்தும்பையைப் பிடுங்கிச் சிவப்பு மைக்குள்ளை வைக்கிறது ஞாபகம் இருக்கோ? தண்டு சிவக்கும், பேந்து பூவும் சிவக்கும். ரீச்சர்மாரிட்டைச் சிவப்பு மைக்கு என்ன பஞ்சம்?"

எங்கள் பாடசாலைகளில் படித்த எவரும் அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் தப்பியிருக்க முடியாது. வெள்ளைக் காசித்தும்பை, போத்தல், சிவப்பு மை. தண்டில் நீர் ஏறும் வழியைக் காட்டுவதற்கு. தாவரவியலில் மற்றதெல்லாம் மறந்துபோன சனத்துக்கு அது மட்டும் நேற்றுப்போல நினைவிருந்தது. "ஓமோம்", "நாங்களும் செய்தனாங்கள்" என்று நடை முழுக்கச் சத்தம் எழுந்தது. பகிடி அந்த நேரத்தில்தான் குற்றச்சாட்டாக மாறியது. மாறியதை நான் கண்ணால் கண்டேன்.

தலைவர் சிரிக்கவில்லை. வழக்கில் கிடக்கும் எல்லைக்கல்லைப் பார்ப்பதுபோல என் செடியைப் பார்த்தார்.

"ரீச்சர், வேறை விதை போட்டனீங்களோ?"

"இல்லை. நீங்கள் தந்த விதை."

"அப்பிடியெண்டால் நிறம் எங்கையிருந்து வந்தது?"

"உங்கடை வளவிலையிருந்துதான் அண்ணை. உங்கடை வெள்ளைப் பூவிலை எங்கையோ ஒரு சிவப்பின்ரை மகரந்தம் வந்து விழுந்திருக்கு. ஒரு பூவிலை விழுந்தால் காணும். அந்த ஒரு விதை எனக்கு வந்திட்டுது."

நான் தாவரவியல் சொன்னேன். அவர் காதில் விழுந்தது வேறு. அவருடைய வளவுக்குள் வெளியிலிருந்து ஏதோ புகுந்துவிட்டதென்று நான் நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

"என்ரை வளவிலை சிவப்பு இல்லை," என்றார். "சுத்தி ஆறடி வேலி. நானே அளந்து அடிச்சது."

"மை எண்டால்," என்றேன், "வெட்டின தண்டிலை ஏறும். வேரோடை நிக்கிற செடிக்குள்ளை வேர் அதை விடாது. விட்டாலும் நரம்பு நரம்பாத்தான் தெரியும், உப்பிடிச் சமனா வராது. இந்தப் பூ ஒரு இரவுக்குத்தான். நாளைக்கு வேறை விரியும். நான் என்ன, ஒவ்வொரு நாளும் மை ஊத்திக்கொண்டோ இருக்கிறன்?"

"ரீச்சருக்கு வேறை என்ன வேலை," என்றார் செயலாளர். மறுபடியும் சிரிப்பு.

தலைவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்ட மனிதர் அல்லர். "நீங்களா விலகிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. கூட்டப் பதிவிலை ஒண்டும் போடமாட்டம். விசயம் இதோடை முடிஞ்சுது."

"விலகினால் செய்தது மாதிரியெல்லோ. போடுங்கோ."

போட்டார்கள். செடி செயற்கையாக நிறமூட்டப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டு நீக்கப்பட்டது என்று பதிவானது. கோப்பை செயலாளருக்குப் போனது. அவருடைய செடி நல்ல செடிதான். அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வான் வாசலில் நின்றது. நான் அதைத் தாண்டி நடந்து, பஸ் ஏறி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பஸ் முழுக்க வாசம். எனக்குப் பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி பூவை மணந்து பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்கு அந்தச் செடியை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாட் காலையில் முதல்நாள் விரிந்த பூக்கள் அத்தனையையும் கிள்ளி எறிந்தேன். அவை வெள்ளைச் செடிகளின் நடுவில் ஒரு பின்னேரம் இருந்தவை. அவற்றின் விதை எனக்கு வேண்டாம். இனிமேல் விரிபவை மட்டும் போதும். பன்னிரண்டாம் மாடியில் வேறு அந்திமந்தாரை இல்லை. பூ வாடிச் சுருளும்போது மகரந்தத் தாள்களும் கூடவே சுருண்டு, மகரந்தம் ஏற்கும் நுனியான தன் குறியிலேயே தொட்டுவிடும். தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் செடி. என்ன செய்யப்போகிறேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

"அம்மா, விடுங்கோவன்," என்றாள் மகள். "உங்களுக்கு இப்ப என்ன குறைஞ்சுபோச்சு? ஒரு கோப்பை."

"கோப்பையை ஆர் கேட்டது?"

"பின்னை?"

என்ன குறைந்தது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் திரும்பி, "ரீச்சர், அது எந்த மை? பேரைச் சொன்னால் நாங்களும் மல்லிகைக்கு ஊத்துவம்" என்றார். என்னிடம் பிடிபட்ட பிள்ளைகள் இந்த நகரம் முழுக்க இருக்கிறார்கள். இப்போது அவர்களும் பிள்ளை பெற்று, வீடு வாங்கியிருப்பார்கள். அவர்களில் எவராவது, மற்றவரைக் கள்ளம் என்று பிடித்தவள் தானே கள்ளம் செய்தாள் என்று நம்பினால், நான் எழுதி அனுப்பிய அத்தனை அறிக்கைக்கும் பெறுமதி இல்லை. வேறு சொத்து நான் கொண்டுவரவில்லை. கொண்டுவந்த பெயரை ஒரு போத்தல் மைக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

சங்கத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை மன்னார்க்காரி ஒருத்தியுடையது. கத்தோலிக்கப் பெண், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவமாதாக இருந்தவள். அவள்தான் அந்தக் கிழமை ரெலிபோன் எடுத்தாள்.

"அக்கா, நான் உங்களை நம்புறன். எத்தினை பிள்ளையைக் கையிலை ஏந்தியிருப்பன். ஆரின்ரை நிறம் ஆருக்கு வந்ததெண்டு நான் ஒருநாளும் வாய் திறக்கிறேல்லை. தொழில் ரகசியம்."

"அப்ப என்னோடை ரூஜுக்கு வாறீரோ?"

"வாறன். மாதாவுக்கு நேர்ந்தெண்டாலும் வாறன்."

பஸ்ஸில் போனோம். இறங்கியபின் நடக்கவேண்டிய தூரத்தை அந்த ஊரைக் கட்டியவர்கள் கார்க்காரருக்காகவே அளந்திருந்தார்கள். தலைவரின் தெருவுக்குள் நாங்கள் போகவில்லை. அதற்குப் பின்தெருவுக்குப் போனோம். பொதுநடைபாதையில் நிற்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. தலைவரின் வளவோடு முதுகொட்டிய தெருமுனை வளவு ஓர் இத்தாலிய அம்மாவுடையது; அதன் பின்பக்கம் நடைபாதையிலிருந்தே தெரிந்தது. தக்காளி, துளசி, கத்தரி. கடைசியில் தலைவர் அளந்து அடித்த ஆறடி வேலி. அதன் அடிநீளத்துக்கு இரத்தச் சிவப்பில் அந்திமந்தாரை.

மன்னார்க்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அந்த அம்மா வந்தார். அவருடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் கைகளின் உதவியோடு சந்தித்துக்கொண்டன. விதை அவருடைய தாயுடையதாம், கடல் கடந்து வந்ததாம். அதையும் யாரோ ஒரு மடிப்புக்குள் ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள். ஒரு பூவைக் கிள்ளி என் கையில் தந்தார். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. பருத்த அந்துப்பூச்சி ஒன்று சிவப்பில் நீள நாக்கை விட்டுக் குடித்தது. பின் எழும்பி வேலிக்கு மேலால் தலைவர் பக்கம் இறங்கியது. கண்கண்ட சாட்சிகள் இருவர்.

என் செடியை நீக்கிய முடிவை மீளப் பார்க்கவேண்டும் என்று இலையுதிர்காலப் பொதுக்கூட்டத்துக்கு முறைப்படி பிரேரணை கொடுத்தேன். செயலாளர் அதை நிகழ்ச்சிநிரலில் கடைசிக்குத் தள்ளினார். தள்ளலாம், விடத்தான் முடியாது. யாப்பின் அந்தப் பிரிவைத் திருத்தி எழுதிக் கொடுத்தவளே நான்தான். மன்னார்க்காரி வழிமொழிந்தாள்.

எழுந்து சொன்னேன். வேலி, இத்தாலிய அம்மா, சிவப்பு, பூச்சி. தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று, அரை நிறம்.

"ஆறடி," என்றார் தலைவர்.

"பூச்சிக்கு அளவை தெரியாது அண்ணை."

"ரீச்சர், சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சிவப்பும் வெள்ளையுமாத்தானே வரவேணும்? எப்பிடி ரோசா?" இது பின்வரிசை. வேறொருவர் தேநீர் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த பலகையில் கீறினேன். கட்டங்களைப் பார்த்ததும் சனம் பரீட்சை மண்டபத்துக்குள் வந்ததுபோல முகத்தைச் சுருக்கியது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு முதியவர் திரும்பினார். "உதுக்கேன் இவ்வளவு படம்? எங்கடை வீட்டைப் பாருங்கோ. நான் கரிக்கட்டை. மனுசி நல்ல வெள்ளை. பெட்டை பொதுநிறம். கலியாணம் பேசிக்கொண்டு வந்தவையிட்டையும் பொதுநிறம் எண்டுதானே சொன்னனாங்கள்."

அறை ஒரேயடியாக வெளிச்சமானது. "அட, அதுதானே." "என்ரை மருமோன்ரை பக்கமும் அப்பிடித்தான்." மூன்று தலைமுறை நிறமும் ஒவ்வொருவர் நாக்கிலும் இருந்தது. சம்பந்தம் பேசும்போது எங்கள் சனத்தில் பரம்பரையியல் தெரியாதவர் எவரும் இல்லை. தலைவர்கூடத் தாடையைத் தடவினார். "அப்பிடிப் பார்த்தால்... நடக்கக்கூடியதுதான்," என்றார்.

மன்னார்க்காரி என் சேலையை இழுத்தாள். "வழக்கு வெண்டாச்சு அக்கா. இருங்கோ."

நான் இருக்கவில்லை.

"அது பிழை," என்றேன். "மனிசற்றை தோல்நிறம் உப்பிடி வாறேல்லை. அதுக்கு எத்தினையோ அலகுகள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாச் செய்யுது. உங்கடை மகளுக்குப் பிறக்கிற பிள்ளையள் கரிக்கட்டை ஒண்டு, பொதுநிறம் ரண்டு, வெள்ளை ஒண்டெண்டு பிரிஞ்சு நிக்கப்போறேல்லை. இந்தப் பூவின்ரை பிள்ளையள் நிக்கும். அதுதான் வித்தியாசம்."

"ரீச்சர், உங்களுக்குச் சாதகமாத்தானே அவர் கதைக்கிறார்?" என்றார் தலைவர், உண்மையான வியப்போடு.

"பிழையான கணக்குக்குச் சரியான விடை வந்தால் நான் புள்ளி போடுறேல்லை."

பெருமூச்சுகள் கேட்டன. யாரோ, இந்த மனுசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள். சொல்லட்டும். கலியாணத் தரகு வாயால் எனக்கு விடுதலை வேண்டாம்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். என் ரோசாச் செடி தன்னைத் தானே கட்டித் தந்த விதைகள் என்னிடம் உண்டு. நான் மை ஊற்றியிருந்தால் அது வெள்ளைச் செடி. அதன் பிள்ளைகள் எல்லாம் வெள்ளையாக வரவேண்டும். நான் சொல்வது சரியென்றால் சிவப்பும் வரும், ரோசாவும் வரும், வெள்ளையும் வரும். ரோசாதான் கூடுதலாக வரும். அந்தச் செடியில் ஒரு சிவப்புப் பூவும் பூத்ததில்லை. ஆனால் அதன் பிள்ளைகளில் சிவப்பு வரும். மை விதைக்குள் போய் ஒளிந்திருக்காது. என்னை நம்பாதவர்களே விதைத்துப் பார்க்கட்டும். நான் தொடமாட்டேன்.

விதைகளைக் கடித உறையில் போட்டு ஒட்டினேன். வினாத்தாள் பொதியை ஒட்டுவதுபோல மடிப்பின் குறுக்கே நானும் தலைவரும் கையொப்பம் வைத்தோம். உறையை அவரிடமே கொடுத்தேன். "பனிக்காலம் முழுக்க என்ரை வீட்டிலையோ?" என்றார். "உங்கடை வீட்டிலைதான்," என்றேன்.

அந்தப் பனிக்காலம் நீண்டது. வானில் நான் ஏறவில்லை. பஸ் வராத நாட்களில் கூட்டத்துக்குப் பிந்திப்போனேன். பதிவில் பிந்திவந்ததாகவே குறிக்கச் சொன்னேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைப் போய்ப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் என்னிடம் வரப் பஸ் வசதி இல்லை. இரவில் படுத்திருக்கும்போது ஓர் எண்ணம் வரும். விதை கொஞ்சம்தான். பிரிகிற கணக்கு பெரிய எண்ணிக்கைக்குத்தான் ஒழுங்காக நிற்கும். கொஞ்ச விதையில் சிவப்பு ஒன்றுமே வராமலும் போகலாம். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வராவிட்டால் எந்தப் பலகையில் கீறியும் பயனில்லை. ஆனாலும் உறையைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

அடுத்த விக்டோரியா வாரவிடுமுறைக்குப் பின் கூட்டத்தில் உறை திறக்கப்பட்டது. தலைவரும் செயலாளரும் இன்னும் சில அவநம்பிக்கைக்காரரும் விதையைப் பங்குபோட்டார்கள். யூன் போனது. யூலை பாதி போனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மன்னார்க்காரி மட்டும் எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்துத் தண்டின் நிறம் விசாரித்து எனக்குச் சொல்வாள். "ஒராளின்ரை பச்சை அக்கா. இன்னொராள் பாக்கேல்லையாம். தலைவர் எடுக்கிறாரில்லை."

பிறகு ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தது. மகள் எடுத்து என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் தலைவர்.

"ரீச்சர்."

"சொல்லுங்கோ அண்ணை."

"சிவப்பு."

நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"நல்ல சிவப்பு," என்றார். "அந்தப் பின்வளவு மனுசியின்ரை மாதிரியே. நான் ஏணி வைச்சுப் பாத்தனான்."

அளவையாளர் ஒருவர் தான் அடித்த வேலிக்கு மேலால் ஏணி வைத்துப் பார்த்தார் என்றால், அதைவிடப் பெரிய ஒப்புதல் வேறில்லை. ரெலிபோனை வைத்தபின் மகள் கேட்டாள், ஏன் அம்மா கண்ணைத் துடைக்கிறீங்கள் என்று. வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இருக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. ரோசா, ரோசா, இன்னொரு ரோசா, வேறொருவர் வீட்டில் சிவப்பு. கணக்குச் சுத்தமாக நிற்கவில்லை, வெள்ளை குறைவு. செயலாளரின் சட்டியில்தான் வெள்ளை. அவர் அதை வெற்றிபோலக் கூட்டத்தில் அறிவித்தார்.

"எனக்கு வெள்ளைதான் வந்தது ரீச்சர்."

"அதுவும் நான் சொன்னதுதான்."

"எப்பிடி வந்தாலும் நீங்கள் சொன்னதாமோ?"

"எல்லாருக்கும் வெள்ளையே வந்திருந்தால் நான் சொன்னது பிழை. வந்ததோ?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் மேசைக்கடியிலிருந்து ஒரு புதுக் கோப்பையை எடுத்து வைத்தார். 'சிறப்புப் பரிசு' என்று பொறித்திருந்தது. நல்ல மனதோடுதான் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, கோப்பையைத் தொடாமல், போன வருடப் பதிவில் இருக்கும் சந்தேகம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"அது உறுதிப்படுத்தின பதிவு ரீச்சர்," என்றார் செயலாளர். "இனிக் கைவைக்கேலாது."

"கைவைக்கச் சொல்லேல்லை. அது அப்பிடியே கிடக்கட்டும், சனம் வாசிக்கட்டும். போன வருடத் தீர்மானத்தை இந்த வருடம் இன்னொரு தீர்மானத்தாலை நீக்கலாம். யாப்பிலை இருக்கு. பிரிவு எதெண்டு சொல்லட்டோ?"

"வேண்டாம்," என்றார் தலைவர் அவசரமாக. "நான் பிரேரிக்கிறன்."

அவரே எழுந்து நின்று சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதினார். அந்தச் செடிக்கு மை ஊற்றப்படவில்லை. அது சங்கம் தந்த விதை. நிறம் தலைவரின் வளவுக்கு வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. கடைசி வசனத்தை நான் கேட்கவில்லை, அவராகவே சேர்த்தார். கைகள் உயர்ந்தன. செயலாளரின் கையும் கொஞ்சம் பிந்தி உயர்ந்தது. கோப்பையை நான் மேசையிலேயே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அதை வைக்க இடமில்லை என்றேன். பல்கனியில் சட்டிகள் நின்றன என்பது உண்மை.

வெளியே வான் நின்றது. தலைவர் முன்கதவைத் திறந்து பிடித்தார். நான் ஏறி முன்சீற்றில் இருந்தேன். போன வருடத்துக்குப் பிறகு முதல் தரம். தெருவுக்கு வந்ததும் அவர் மெல்லக் கேட்டார்.

"அப்ப என்ரை வெள்ளை?"

"அது இப்பவும் வெள்ளைதான் அண்ணை. வாற வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்குக் கோயிலுக்கு வெளிக்கிடுறம்?"

அவர் பதில் சொல்லுமுன் பின்சீற்றிலிருந்து செயலாளரின் குரல் வந்தது. "எண்டாலும் அந்த முதற்செடியின்ரை ரோசா... மை மாதிரித்தான் கிடந்தது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியிருந்தது.